சர்ச் திறக்கிறார்கள் என்று புலம்புவதை நிறுத்துவோம்



கொஞ்சம் நீளமான பதிவு. எம்ஆர்டியில் போகும்போது பொறுமையாகப் படியுங்கள். பாதியில் கோபம் வந்தால் பரவாயில்லை, முழுசா படிச்சிட்டுத் திட்டுங்க.

ரெண்டு வாரமா நம்ம வாட்ஸ்அப் குழுக்கள்ல ஒரு படம் சுத்திக்கிட்டே இருக்கு. ஞாயிற்றுக்கிழமை காலை, ஒரு தொழிற்பேட்டைக் கட்டடத்தில் சாமான் ஏற்றும் லிஃப்ட் முன்னாடி நல்ல உடுப்பு போட்டுக்கிட்டு இருபது முப்பது பேர் நிற்கிறார்கள். அதில் நாலைந்து முகம் நம்ம முகம். படத்துக்குக் கீழே, "இன்னொரு சர்ச் திறந்தாச்சு! நம் பிள்ளைகளைப் பிடிக்கிறார்கள்! இந்துக்களே விழித்துக்கொள்ளுங்கள்! பத்து பேருக்கு அனுப்புங்கள்!" அன்றைக்கே ஏழு குழுவிலிருந்து எங்களுக்கு அதே படம் வந்தது.

பத்து பேருக்கு அனுப்பிய பிறகு என்ன செய்வது என்று மட்டும் யாரும் எழுதவில்லை.

நாங்கள் அன்னதானக் குழுவில் இருப்பவர்கள். பெரிய படிப்பாளிகள் இல்லை. உயர்நிலைப் பள்ளியோடு படிப்பு முடிந்தது, தொழிற்சாலையில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை, ஷிஃப்ட் முடிந்தால் கோயில் சமையல்கட்டு. சமய விஷயம் பேசப் பெரியவர்கள் பலர் இருக்கிறார்கள். ஆனால் வாசலில் யார் வருகிறார்கள், யார் வருவதை நிறுத்திவிட்டார்கள் என்பது சாப்பாடு போடுகிறவனுக்குத்தான் முதலில் தெரியும். அந்த உரிமையில் எழுதுகிறோம்.

எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். புது சர்ச் நமக்கு எதிரி இல்லை. யாருமே வராமல் போகலாம் என்று நினைத்து அவர்கள் தொடங்குகிறார்கள். எல்லோரும் வந்துதான் ஆகவேண்டும் என்று நினைத்து நம் கோயில்கள் நடக்கின்றன. இந்த ஊர் இன்று இருக்கும் நிலையில் அவர்கள் நினைப்புதான் சரி. வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். கணக்கு பார்க்காமல் கத்துவது நம் ஆட்களுக்கு ஒரு வியாதி.

சிங்கப்பூரில் பத்து வருஷத்துக்கு ஒருமுறை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடக்கிறது. 15 வயதும் அதற்கு மேலும் உள்ள குடிமக்கள், நிரந்தரவாசிகள் என்ன சமயம் என்று அதில் கேட்கிறார்கள். 2010-ல் கிறிஸ்தவர்கள் 18.3 விழுக்காடு, 2020-ல் 18.9. இந்துக்கள் 5.1 ஆக இருந்து 5.0 ஆனார்கள். "எனக்குச் சமயம் இல்லை" என்று சொன்னவர்கள் 17.0 விழுக்காட்டிலிருந்து 20.0 விழுக்காட்டுக்குப் போனார்கள். அதாவது ஐந்து பேரில் ஒருவர். இளம் வயதினரிடம் இது இன்னும் அதிகம்.

பார்த்தீர்களா? பத்து வருஷத்தில் கிறிஸ்தவர்கள் கூடியது ஒரு விழுக்காடுகூட இல்லை. எந்தச் சாமியும் வேண்டாம் என்பவர்கள் கூடியது மூன்று விழுக்காடு. பௌத்தர்கள் குறைந்தார்கள், தாவோயிஸ்டுகள் குறைந்தார்கள். நம் இந்தியர்களை மட்டும் எடுத்துக்கொண்டாலும், கிறிஸ்தவர்களின் பங்கு இருபது வருஷமாக ஏறக்குறைய 12, 13 விழுக்காட்டிலேயே நிற்கிறது. ஊர் முழுக்க சர்ச் திறந்து நம்மை அள்ளிக்கொண்டு போகிறார்கள் என்று சொல்கிறவர்கள் இந்த எண்ணைப் பார்க்க வேண்டும். போனவர்கள் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. நமக்கும் தெரிந்த குடும்பங்கள் உண்டு. ஆனால் வெள்ளம் மாதிரி போகிறார்கள் என்பது பொய்.

இந்தியர்களில் சமயமே இல்லை என்று சொல்பவர்கள் இன்னமும் ரொம்பக் குறைவுதானே என்று யாராவது கேட்கலாம். உண்மைதான். ஆனால் அந்தப் படிவத்தை நம்பி நிம்மதியாகத் தூங்காதீர்கள். நம் வீட்டுப் பையன் படிவத்தில் "இந்து" என்று எழுதுவான். கல்யாணத்தில் பொட்டு வைத்துக்கொள்வான். தைப்பூசத்துக்கு நண்பனின் காவடிக்குப் பின்னால் நாலு கிலோமீட்டர் நடப்பான். மற்ற 364 நாளும் கோயில் எந்தப் பக்கம் என்று கேட்டால் கூகல் மேப்பைப் பார்ப்பான். சர்ச்சுக்குப் போனவனை நாம் எண்ணுகிறோம். எங்கேயும் போகாமல் வீட்டிலேயே நின்றுவிட்டவனை யாரும் எண்ணுவதில்லை.

தொழிற்சாலையில் இருப்பவர்களுக்கு இது புரியும். சத்தம் போடுகிற மெஷினை உடனே கவனித்துவிடுவோம். சத்தமே இல்லாமல் மெதுவாக ஓட்டம் குறைகிற மெஷின்தான் மாசக் கடைசியில் நம்மை மாட்டிவிடும்.

இன்னொன்று. வெள்ளிக்கிழமைக் கூட்டத்தைப் பார்த்து "நம்ம கோயில் நிரம்பி வழியுதே" என்று சந்தோஷப்படுகிறோம். யார் நிற்கிறார்கள் என்று கவனித்துப் பாருங்கள். ஊரை விட்டு வந்து வேலை செய்யும் தமிழ்நாட்டுத் தம்பிகள், ஆந்திராத் தம்பிகள். புதிதாக வந்து குடியேறிய குடும்பங்கள். நம் வயதுக்காரர்கள். நம்மைவிடப் பெரியவர்கள். இங்கேயே பிறந்து, இங்கேயே தொடக்கப்பள்ளி படித்து, தேசிய சேவை முடித்த பிள்ளைகள் எத்தனை பேர் என்று விரல் விட்டு எண்ணுங்கள். வந்து நிற்கும் வெளிநாட்டுத் தம்பிகள் நம் கோயிலுக்குக் கிடைத்த பாக்கியம், அதில் சந்தேகமில்லை. ஆனால் அவர்கள் பர்மிட் முடிந்தால் ஊருக்குப் போய்விடுவார்கள். அதற்குப் பிறகு அந்த இடத்தில் யார் நிற்பது?

சரி, அந்த லிஃப்ட் முன்னாடி நிற்கிறவர்கள் எப்படித் தொடங்குகிறார்கள் என்று பார்ப்போம். திட்டுவதற்கு முன்னால் தெரிந்துகொள்வது நல்லது.

இந்த ஊரில் வழிபாட்டிடம் கட்ட நிலம் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று கோயில் நிர்வாகத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும். அரசாங்கம் ஒதுக்கும் இடத்துக்கு 30 வருஷக் குத்தகை. விலை கோடிக்கணக்கில். சிறிய சபை அதைக் கனவிலும் நினைக்க முடியாது. அதனால் வாடகைக்கு மண்டபம் எடுக்கிறார்கள். ஹோட்டல் அறை, சினிமா அரங்கு, வணிகக் கட்டடம், தொழிற்பேட்டையில் ஒரு தளம். அதற்கும் நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் விதிமுறை இருக்கிறது. அந்த இடத்தை முழுநேர வழிபாட்டிடமாக வைத்துக்கொள்ள முடியாது. சமயச் சின்னம் வைத்து சர்ச் மாதிரி மாற்றவும் கூடாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் நாற்காலி போடுகிறார்கள், ஸ்பீக்கர் கட்டுகிறார்கள், முடிந்ததும் எல்லாவற்றையும் கழற்றி அடுக்கி வைத்துவிட்டுப் போகிறார்கள். ஒவ்வொரு வாரமும் இதே வேலை. கோபுரம் இல்லை, மணி இல்லை, வெளியிலிருந்து பார்த்தால் அது சர்ச் என்றே தெரியாது.

பெரும்பாலும் ஒரு பெரிய சபை தன்னிடமிருந்து சிலரை ஒரு பாஸ்டரோடு அனுப்பி வைக்கும். அந்தக் கொஞ்சம் பேர்தான் முதல் நாள் கூட்டம். அதில் ஒருவர் வாசலில் நிற்பார். அவருக்கு வேறு வேலை கிடையாது, வருபவரைப் பார்த்துச் சிரித்து, பெயர் கேட்டு, உள்ளே அழைத்துப் போய் உட்கார வைப்பதுதான் வேலை. இன்னொருவர் பிள்ளைகளைத் தனி அறைக்குக் கூட்டிப்போவார். ஆராதனை முடிந்ததும் காப்பி, பலகாரம். அந்த வாரமே ஒரு போன் வரும். "வந்ததுக்கு நன்றி, எப்படி இருக்கீங்க?" வாரநாளில் யாராவது ஒருவர் வீட்டில் ஏழெட்டு பேர் கூடுவார்கள், அதை செல் குரூப் என்பார்கள். அங்கே ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால் மறுநாள் மற்ற ஏழு பேருக்கும் தெரியும்.

இந்த முறை நம் ஊரில் பிறந்ததல்ல. சமயம் தேய்ந்துபோன மேல்நாட்டு நகரங்களில் பட்ட அடியிலிருந்து வந்தது. இங்கிலாந்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நம்மை ஆண்ட நாடு, ராஜாவே அந்தச் சபைக்குத் தலைவர். அங்கே இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021-ல் எடுத்த கணக்கில் கிறிஸ்தவர்கள் 46.2 விழுக்காடு. பாதிக்கும் கீழே போனது அதுவே முதல் முறை. சமயம் இல்லை என்றவர்கள் 37.2 விழுக்காடு. பழைய கல் சர்ச்சுகள் பல மூடப்பட்டு வீடாகவும் கடையாகவும் மாறிவிட்டன. அதே நாட்டில்தான் லண்டனில் ஹோலி டிரினிட்டி பிராம்ப்டன் என்ற சர்ச்சில் "ஆல்ஃபா" என்று ஒரு வகுப்பு 1977-ல் தொடங்கி, 1990-களில் உலகம் முழுக்கப் பரவியது. வகுப்பு என்றால் என்ன? முதலில் சாப்பாடு. பிறகு ஒரு சின்னப் பேச்சு. பிறகு சின்னச் சின்னக் குழுவாக உட்கார்ந்து யார் வேண்டுமானாலும் எந்தக் கேள்வியும் கேட்கலாம். கடவுள் இருக்கிறார் என்பதை நான் நம்பவில்லை என்றுகூடச் சொல்லலாம். பிரைட்டன் நகரில் மூடப்போகும் நிலையில் இருந்த செயிண்ட் பீட்டர்ஸ் சர்ச்சுக்கு 2009-ல் இந்த லண்டன் சர்ச்சிலிருந்து ஒரு குழுவை அனுப்பி, திரும்பவும் ஆள் வர வைத்தார்கள்.

அவர்களைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. அவர்களிடமும் ஓட்டை உண்டு. தொடங்கிய சபை எல்லாம் நிலைப்பதில்லை. புது சபைக்கு வருகிறவர்களில் பலர் வேறு சபையிலிருந்து மாறி வந்த கிறிஸ்தவர்கள்தான் என்ற குறையை அவர்களே தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள். பாஸ்டரின் பேச்சை நம்பி வந்த கூட்டம் பாஸ்டர் போனால் கலைந்துவிடும். பாட்டும் வெளிச்சமும் பார்த்து வந்தவன் இன்னொரு இடத்தில் நல்ல பாட்டு கேட்டால் அங்கே போவான். இதெல்லாம் நமக்கு வேண்டாம்.

நமக்குக் கோபம் வரவேண்டிய விஷயமும் இருக்கிறது. அதையும் மறைக்காமல் எழுதுவோம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் பயந்து படுத்திருப்பவரிடம் போய், உங்கள் சாமி உங்களைக் காப்பாற்றவில்லை பார்த்தீர்களா என்று பேசுகிறவர்கள் உண்டு. நம் அம்மனைப் பேய் என்று சொன்னவர்கள் உண்டு. அது தப்பு. சமயம் தெரிந்த எந்த நல்ல கிறிஸ்தவரும் அதை ஒத்துக்கொள்ள மாட்டார். அதற்கு இந்த நாட்டில் சட்டம் இருக்கிறது. 1990-ல் கொண்டுவந்த சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம், 2019-ல் திருத்தி இன்னும் கடுமையாக்கினார்கள். யாராவது நம் சமயத்தைக் கேவலப்படுத்தினால் தேதி, நேரம் குறித்துக்கொண்டு முறைப்படி புகார் செய்யுங்கள். ஆனால் ஒன்றை மறக்காதீர்கள். அந்தச் சட்டம் அவர்களுக்கு மட்டும் இல்லை. "அவனுங்களை விடக்கூடாது" என்று வீரமாக ஃபார்வர்ட் பண்ணுகிற நம்ம ஆளுக்கும் அதே சட்டம்தான். நீங்கள் அனுப்பும் படத்தில் முகம் தெரிகிற அந்த நாலைந்து பேர் யாரோ ஒருவரின் அக்கா தங்கை. அவர்கள் ஒரு தப்பும் செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமை லிஃப்டுக்குக் காத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

தமிழ்க் கிறிஸ்தவர்களை ஏதோ நேற்று முளைத்தவர்கள் மாதிரி பேசுவதையும் நிறுத்த வேண்டும். ஓஃபிர் ரோட்டில் இருக்கும் லூர்து மாதா தேவாலயம் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காகக் கட்டப்பட்டு 1888-ல் திறக்கப்பட்டது. நம் தாத்தாக்கள் ஒரே கப்பலில் வந்து இறங்கி, ஒரே லயத்தில் தூங்கி, ஒருத்தர் தீமிதிக்கும் மற்றவர் மாதா கோயிலுக்கும் போனார்கள். சண்டை போட்டுக்கொள்ளவில்லை.

இப்போது நம்ம பக்கம் வருவோம். இங்கேதான் சில பேருக்குக் கோபம் வரும்.

"அவங்களுக்கு வெளிநாட்டுப் பணம் வருது, அதான் முடியுது." இது நம் குழுக்களில் அடிக்கடி கேட்கும் வசனம். வாடகை மண்டபத்துக்கு எந்த நாட்டுப் பணமும் வேண்டாம் ஐயா. அவர்கள் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கைக் கொடுக்கிறார்கள், தசமபாகம் என்று பெயர். நம்மவர்களும் கொடுப்பதில் சளைத்தவர்கள் இல்லை. உபயத்துக்குக் கொடுக்கிறோம், கும்பாபிஷேகத்துக்குக் கொடுக்கிறோம். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கோபுரத்துக்கு வர்ணம் அடிக்க லட்சக்கணக்கில் சேருகிறது. சேர வேண்டும், சாமிக்குச் செய்வதில் குறை வைக்கக்கூடாது. ஆனால் அந்தப் பணத்தில் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசுவதற்கு ஓர் ஆளை வைக்கலாமே என்று கேட்டால் "அதெல்லாம் பெற்றோர் பார்த்துக்கணும்" என்று பதில் வருகிறது. வர்ணம் பன்னிரண்டு வருஷம் இருக்கும். பிள்ளை பன்னிரண்டு வருஷத்தில் பெரியவனாகி வீட்டை விட்டே போய்விடுவான்.

"நம்ம சமயம் ஆள் பிடிக்காது." சரிதான். பிடிக்க வேண்டாம். யாரையும் மாற்ற வேண்டாம். ஆனால் நம் வீட்டுப் பிள்ளையை "வாப்பா, சாப்பிட்டியா?" என்று கேட்பது ஆள் பிடிப்பதா? பாட்டன் வழியில் வந்த பிள்ளைக்கு அர்த்தம் சொல்லித் தருவது மதமாற்றமா? இந்தப் பெருமையைச் சொல்லிச் சொல்லியே ஒன்றும் செய்யாமல் இருக்கப் பழகிவிட்டார்கள் பல பேர்.

நாங்கள் கண்ணால் பார்த்த ரெண்டு விஷயம் சொல்கிறோம். எந்தக் கோயில், யார் என்று கேட்காதீர்கள், தேவையில்லை.

பதினைந்து வயசுப் பெண் பிள்ளை ஒன்று கோயில் வகுப்பில் கேட்டது: "அங்கிள், அபிஷேகத்துக்கு இவ்வளவு பால் ஊத்துறமே, ஏன்?" நல்ல கேள்வி. பதில் சொல்லத் தெரிந்தவர்கள் நம்மிடம் உண்டு. ஆனால் அன்றைக்கு வகுப்பு எடுத்தவர், "சாமி விஷயத்துல எதிர்க்கேள்வி கேட்கக்கூடாது, அம்மா அப்பா இப்படித்தான் வளர்த்தாங்களா?" என்று எல்லார் முன்னாடியும் கேட்டார். அந்தப் பிள்ளை அதற்குப் பிறகு வரவில்லை. சர்ச்சுக்கும் போகவில்லை. எங்கேயும் போகவில்லை. அதுவும் ஒரு நஷ்டம்தான், ஆனால் அதைப் படம் எடுத்து யாரும் அனுப்பவில்லை.

இன்னொரு அக்கா. வீட்டுக்காரர் திடீரென்று தவறிவிட்டார். பதினாறாம் நாள் காரியம் வரைக்கும் வீடு நிறைய சொந்தம். பதினேழாம் நாள் யாரும் இல்லை. கோயிலுக்கு வந்து மோட்ச தீபத்துக்குச் சீட்டு வாங்கினார், ரசீது கொடுத்தார்கள். கவுண்டரில் இருந்தவர் முறையாகத்தான் நடந்துகொண்டார், அவர் மேல் குற்றம் இல்லை. ஆனால் "என்னம்மா ஆச்சு?" என்று கேட்க அங்கே ஒரு ஆள் இல்லை. அதே புளோக்கில் இருந்த ஒரு சர்ச் குழு இரண்டு மாதம் வாரம் ஒருமுறை சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தது, மகனை ட்யூஷனுக்குக் கூட்டிப்போனது. இன்று அந்த அக்கா அங்கே போகிறார். நம் ஆட்கள் சொல்கிறார்கள், "சோத்துக்கு மதம் மாறிட்டா." இப்படிச் சொல்ல எப்படி வாய் வருகிறது? அந்த வீட்டில் சோறு இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட ஆள்தான் இல்லை.

அன்னதானத்துக்குப் பெயர் போனவர்கள் நாம். ஆயிரம் பேருக்குச் சமைக்கிறோம். ஒரு கேரியர் சாப்பாட்டை அந்த ஆறாவது மாடி வீட்டுக்கு எடுத்துப்போவது எவ்வளவு பெரிய வேலை?

மொழி விஷயமும் இருக்கிறது. வீட்டில் அதிகம் பேசுவது ஆங்கிலம்தான் என்று சொல்லும் இந்தியர்கள் இப்போது பாதிக்கும் மேலே. தமிழை விட்டுவிடச் சொல்லவில்லை, விடவே கூடாது. தேவாரம் தமிழில்தான் பாட வேண்டும். பல கோயில்களில் திருமுறை வகுப்பு நடத்தி, வருஷா வருஷம் திருமுறை மாநாட்டுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்கிற ஆசிரியர்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறோம். ஆனால் பாடுகிற பிள்ளைக்கு அர்த்தம் புரிகிறதா என்று பாருங்கள். பரிசு வாங்கிக்கொண்டு போகிற பிள்ளை பதினெட்டு வயதில் ஏன் வருவதில்லை என்று யோசியுங்கள். ஆங்கிலத்தில் விளக்கினால் சாமி கோபித்துக்கொள்ளாது.

"கோயில் என்ன கிளப்பா? ஆள் எண்ணுவதற்கு?" என்று ஒரு பெரியவர் எங்களிடம் கேட்டார். அவர் கேட்டது நியாயம். இதில் நாங்கள் அவர் பக்கம்தான். கோயிலில் வருகைப் பதிவேடு கிடையாது. தனியாக வந்து, தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து, அழுதுவிட்டு, திருநீறு பூசிக்கொண்டு போகிறவரை யாரும் "நீங்க யாரு, எந்தக் குரூப்?" என்று கேட்பதில்லை. சமயம் இல்லை என்கிறவன்கூட உள்ளே வந்து உட்காரலாம். வாட்டர்லூ ஸ்ட்ரீட் கிருஷ்ணன் கோயில் வாசலில் சீனப் பாட்டிகள் ஊதுபத்தி ஏற்றிக் கும்பிட்டுப் போகிறார்களே, அவர்களை யார் என்ன சமயம் என்று கேட்டார்கள்? அந்த வாடகை மண்டபத்தில் வாரநாளில் வேறு வேலை நடக்கும். நம் கோயில் விடியற்காலையிலேயே திறந்திருக்கிறது, ஏழு நாளும். சமயம் குறைந்துகொண்டே போகும் ஊரில் இதைவிடப் பெரிய சொத்து வேறு என்ன வேண்டும்? கேள்வி கேட்காமல் உள்ளே விடுவது நம் பெருமை. ஆனால் வருகிறவர் முகத்தையே பார்க்காமல் இருப்பது பெருமை ஆகாது. இரண்டும் வேறு வேறு.

இன்னொன்றும் ஞாபகப்படுத்துகிறோம். புதிதாக ஒன்றைத் தொடங்குவது நமக்குத் தெரியாத வித்தை இல்லை. சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயில் 1827-ல் அத்தாப்புக் கூரை போட்ட மரக் கொட்டகையாகத்தான் தொடங்கியது. இப்போது சொன்ன கிருஷ்ணன் கோயில் 1870-ல் ஓர் ஆலமரத்தடியில் ஆரம்பித்தது. அர்ச்சனைச் சீட்டு இல்லை, ஏர்கோன் இல்லை, நிர்வாகக் குழுத் தேர்தல் சண்டை இல்லை. கூலி வேலை செய்தவர்கள் மாலையில் கூடினார்கள். புதிதாகக் கப்பலில் வந்தவனுக்கு வேலை எங்கே, தங்க இடம் எங்கே என்று கோயிலில்தான் தெரிந்தது. ஒருத்தன் செத்தால் மற்றவர்கள் தூக்கினார்கள். பின்னால் அரசாங்கம் நிலம் எடுத்தபோது கோயில்கள் இடம் மாறின. ஓர்ச்சர்ட் ரோட்டில் இருந்த சிவன் கோயில் எம்ஆர்டிக்காக எழுந்து, கடைசியில் கேலாங் ஈஸ்ட்டில் 1993-ல் கும்பாபிஷேகம் கண்டது. இடம் போனாலும் ஆட்கள் போகவில்லை, அதனால் கோயில் நின்றது. தொழிற்பேட்டை லிஃப்ட் முன்னாடி நிற்கிறார்களே, அவர்கள் செய்வது நம் தாத்தா செய்த அதே வேலை. கோபுரம் வந்த பிறகு நம்மில் பலருக்கு அது மறந்துபோய்விட்டது, அவ்வளவுதான்.

குறை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் நாங்களும் அந்த ஃபார்வர்ட் ஆட்கள் மாதிரிதான். அதனால் நிர்வாகக் குழுக்களிடமும் உங்களிடமும் நேராகக் கேட்கிறோம்.

ஒன்று. வெள்ளி மாலையும் ஞாயிறு காலையும் வாசலில் ஒரு தொண்டூழியர். செருப்பு அடுக்க இல்லை, உண்டியலைப் பார்த்துக்கொள்ள இல்லை. வருகிறவரைப் பார்த்து வணக்கம் சொல்ல, முதல்முறை வந்தவருக்கு எந்தச் சந்நிதி எங்கே என்று காட்ட. காசு செலவில்லை.

இரண்டு. மாதம் ஒருமுறை ஒரு மணி நேரம் கேள்வி நேரம். முதலில் சாப்பாடு, அது எங்கள் பொறுப்பு. பிறகு தமிழும் ஆங்கிலமும் கலந்து பேச்சு. எதைக் கேட்டாலும் திட்டக்கூடாது. தெரியவில்லை என்றால் "தெரியல, கேட்டுச் சொல்றோம்" என்று சொல்ல வேண்டும். அடுத்த மாதம் சொல்லியும் ஆக வேண்டும்.

மூன்று. நம் வட்டாரத்தில் துக்கம் நடந்த வீட்டுக்குப் பதினாறாம் நாளுக்குப் பிறகு மூன்று மாதம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஆள் போக வேண்டும். கையில் கேரியர், வாயில் புத்திமதி இல்லாமல்.

நான்கு. நிர்வாகக் குழுவில் முப்பது வயதுக்குக் கீழே இரண்டு பேர். நாற்காலி தூக்கவும் தைப்பூசத்துக்குத் தண்ணீர் ஊற்றவும் மட்டும் கூப்பிடாமல், கணக்கைப் பார்க்கவும் முடிவு எடுக்கவும் கூப்பிட வேண்டும். அவர்கள் சொல்வது தப்பாகப் போனாலும் பரவாயில்லை. பெரியவர்கள் எடுத்த முடிவெல்லாம் சரியாகவா போனது?

ஐந்து. அந்தப் படத்தை அழித்துவிடுங்கள். வேறு யாராவது அனுப்பினால், "உங்க வீட்டுப் பிள்ளை கடைசியா எப்ப கோயிலுக்கு வந்தான்?" என்று மட்டும் பதில் போடுங்கள். அதற்கு மேல் பேச்சு வராது.

எங்கள் குழுவில் பதினோரு பேர் இருக்கிறோம். துக்க வீட்டுக்குச் சாப்பாடு எடுத்துப்போகும் வேலையை எந்தக் கமிட்டி அனுமதிக்கும் காத்திருக்காமல் வரும் வாரத்திலிருந்தே தொடங்குகிறோம். கார் வைத்திருப்பவர்கள், வியாழன் மாலை ஒரு மணி நேரம் ஒதுக்க முடிந்தவர்கள், ஆங்கிலத்தில் நன்றாகப் பேசத் தெரிந்த தம்பி தங்கைகள் எங்களுக்குத் தேவை. சமையல்கட்டுப் பக்கம் வாங்க, அல்லது கீழே கருத்தில் "வர்றேன்" என்று ஒரு வார்த்தை எழுதுங்க, நாங்க கூப்பிடுறோம். உங்கள் வட்டாரத்தில் துக்கப்பட்டுத் தனியாக இருக்கும் வீடு தெரிந்தால் பெயரை இங்கே பொதுவில் போடாமல் எங்களிடம் நேரில் சொல்லுங்கள்.

இதைப் படித்துவிட்டு சர்ச்சுக்கு ஆதரவா எழுதிட்டாங்க என்று சொல்ல சில பேர் தயாராக இருப்பார்கள். சொல்லிக்கொள்ளட்டும். அவர்களுக்கும் வெள்ளிக்கிழமை பொங்கல் உண்டு. எட்டு மணிக்குப் பிறகு வந்தால் மட்டும் தீர்ந்திருக்கும், சீக்கிரம் வந்துவிடுங்கள்.

அம்மன் எல்லோரையும் காப்பாற்றட்டும். ஓம் சக்தி.